ஒரே தேதியில் இத்தனை நிகழ்வுகளா? "வரலாற்றில் இன்று" பட்டியலைப் படிப்பது எப்படி

"வரலாற்றில் இன்று" என்ற பட்டியலைப் பார்க்காதவர் இருக்க முடியாது. முன்பு நாளிதழின் ஒரு மூலையில் வரும், இப்போது விடிந்ததும் வாட்ஸப்பில் வந்து நிற்கிறது. மேலே நிகழ்வுகள், நடுவே பிறப்புகள், கீழே இறப்புகள். படிப்பவருக்கு இரண்டில் ஒன்று தோன்றும்: "அட, இந்தத் தேதிக்குள் ஏதோ இருக்கிறது" அல்லது "சரி, அதனால் என்ன?" எனக்குப் பல வருடங்கள் முதலாவதுதான் தோன்றிக்கொண்டிருந்தது, அப்புறம் சில வருடங்கள் இரண்டாவது. இப்போது கேட்டால் இரண்டுமே பாதி சரி என்பேன். அந்தப் பட்டியலில் இருக்கும் பொருத்தங்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. முக்கால்வாசி வெறும் எண்ணிக்கையால் வருபவை. கொஞ்சம், மனிதர்கள் வேண்டுமென்றே உண்டாக்கியவை. மிச்சம் பொருத்தமே கிடையாது, நாட்காட்டி செய்யும் கண்கட்டு.

செப்டம்பர் 11-ஐ எடுத்துக்கொள்வோம். மனம் உடனே 2001-க்குப் போகும், நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள். ஆனால் சிலி நாட்டுக்காரரிடம் இதே தேதியைச் சொன்னால் அவருக்கு 1973 நினைவுக்கு வரும். ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்து, அதிபர் அயேந்தே உயிரிழந்த நாள் அது. 1893-ல் இதே தேதியில்தான் விவேகானந்தர் சிகாகோவில் பேசினார். 1906-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு நாடக அரங்கில் இந்தியர்கள் கூடி, டிரான்ஸ்வால் அரசின் புதிய பதிவுச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று காந்தியின் முன்னிலையில் உறுதி எடுத்ததும் இதே தேதி. சத்தியாக்கிரகம் அங்கே பிறந்தது என்பார்கள், பெயர் மட்டும் கொஞ்சம் பின்னால் வந்தது. வினோபா பாவே பிறந்தது 1895-ல் இதே நாள். ஜின்னா கராச்சியில் இறந்தது 1948-ல் இதே நாள். பாரதியாரின் நினைவு நாளாக நாம் கடைப்பிடிப்பதும் இதைத்தான் (இதில் ஒரு சிக்கல் உண்டு, பிறகு வருகிறேன்).

இப்படி அடுக்கினால் உடம்பு கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்யும். அகிம்சைப் போராட்டம் பிறந்த தேதியிலேயே அவ்வளவு பெரிய வன்முறையா என்று எழுதத் தோன்றும், பலர் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கு இருப்பது 365 தேதிகள், லீப் ஆண்டில் ஒன்று கூடுதல். ஆக, நம் கையில் மொத்தம் 366 பெட்டிகள்தான். மனித வரலாறு முழுவதையும், எல்லா நாட்டுப் போர்களையும் கண்டுபிடிப்புகளையும் விபத்துகளையும், பெயர் தெரிந்த எல்லோருடைய பிறப்பையும் இறப்பையும் இந்த 366 பெட்டிகளுக்குள்தான் கொட்ட வேண்டும். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் வழியத்தான் செய்யும். செப்டம்பர் 11-க்குப் பதில் ஏதோ ஒரு தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் இதே அளவு சிலிர்ப்பைத் தரும் ஒரு பட்டியலைத் தயார் செய்துவிடலாம்.

இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது கணக்கில் புகழ்பெற்ற பிறந்தநாள் புதிர். ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தால், அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் போகும்? 180 பேர் என்று பலர் சொல்வார்கள், 365-ல் பாதி என்பதால். விடை வெறும் 23. நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் காரணம் எளிது: நாம் ஆட்களை எண்ணுகிறோம், எண்ண வேண்டியது ஜோடிகளை. 23 பேருக்குள் 253 ஜோடிகள் இருக்கின்றன, ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாய்ப்பு. 57 பேர் சேர்ந்துவிட்டால் வாய்ப்பு 99 சதவீதம்.

இந்தப் புதிரைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் மறுபாதி ஒன்று இருக்கிறது. "யாராவது இருவருக்கு" என்பதை விட்டுவிட்டு "எனக்கும் இன்னொருவருக்கும்" என்று கேட்டால் 23 பேர் போதாது. உங்களைத் தவிர 253 பேர் தேவை, அப்போதுதான் வாய்ப்பு பாதியைத் தாண்டும். ஏதோ ஒரு பொருத்தம் கிடைப்பது சுலபம், முன்கூட்டியே குறித்து வைத்த பொருத்தம் கிடைப்பதுதான் அபூர்வம். "வரலாற்றில் இன்று" பட்டியல் போடுபவர் எதையும் முன்கூட்டியே குறித்து வைப்பதில்லை. வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, அதில் பொருந்துவதை எடுத்துக் காட்டுகிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் இங்கே மரத்தில் லட்சக்கணக்கில் காக்கைகள்.

டார்வினும் ஆபிரகாம் லிங்கனும் 1809 பிப்ரவரி 12 அன்று, ஒரே வருடம் ஒரே நாளில், ஒருவர் இங்கிலாந்திலும் மற்றவர் அமெரிக்காவிலுமாகப் பிறந்தார்கள். அழகான பொருத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஸ்டீபன் ஹாக்கிங் 1942 ஜனவரி 8 அன்று பிறந்தார், கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டுகள் கழித்து. அவரே இதைக் குறிப்பிட்டுவிட்டு, அன்றைக்கு இன்னும் சுமார் 2 லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று கணக்கும் சொன்னார். இப்படிப்பட்ட பட்டியல்களைப் பற்றி யாரும் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அவர் இறந்தது 2018 மார்ச் 14, ஐன்ஸ்டைனின் பிறந்தநாள். அதற்கும் அவர் ஏதாவது கணக்குச் சொல்லியிருப்பார்.

இதே தவறின் இருண்ட பக்கம், குறிப்பிட்ட தேதியை ராசியில்லாதது என்று முத்திரை குத்துவது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 2003 டிசம்பர் 26-ல் ஈரானின் பாம் நகரத்தை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. 2001 ஜனவரி 26-ல் குஜராத் நிலநடுக்கம். 2008 நவம்பர் 26-ல் மும்பைத் தாக்குதல். ஆக 26 ஆகாத தேதி என்று ஒரு குறுஞ்செய்தி பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. லாத்தூர் நிலநடுக்கம் 1993 செப்டம்பர் 30-ல் வந்தது, ஹைத்தியில் 2010 ஜனவரி 12, ஜப்பானில் 2011 மார்ச் 11, நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25. இவை அந்தக் குறுஞ்செய்தியில் இடம்பெறாது. பொருந்தாதவற்றைத் தூக்கி எறிந்துவிட்டால் எந்த எண்ணையும் குற்றவாளி ஆக்கலாம். அதுவும் மாதத்தின் தேதி மட்டும் பொருந்தினால் போதும் என்று விதியைத் தளர்த்திவிட்டால், ஆண்டுக்கு 12 வாய்ப்புகள் கிடைக்கின்றன. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட இதைவிட வசதி வேண்டுமா?

சரி, எல்லாமே தற்செயல் என்று ஒதுக்கிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. எனக்கு உண்மையில் சுவையாக இருப்பது இந்த இரண்டாம் ரகம்தான்.

இந்தியாவின் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26. நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. நடுவே ஏன் இரண்டு மாதம்? 1930 ஜனவரி 26-ஐத்தான் காங்கிரஸ் முழு விடுதலை நாளாக அறிவித்துக் கொண்டாடியிருந்தது. 1947-ல் விடுதலை ஆகஸ்டுக்குப் போய்விட்டதால் அந்தப் பழைய தேதி அநாதையாக நின்றது, அதற்கு ஓர் இடம் கொடுக்கவே ஜனவரி வரை காத்திருந்தார்கள். ஆகவே 1930-ம் 1950-ம் ஒரே தேதியில் வருவது தற்செயல் அல்ல. ஆனால் 1788 ஜனவரி 26-ல் பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னியில் கொடியேற்றியதையே ஆஸ்திரேலியா தன் தேசிய நாளாகக் கொண்டாடுகிறதே, அது தற்செயல். ஒரே பட்டியலில் மூன்று வரிகள், அவற்றில் இரண்டுக்கு இடையில் மட்டும் நூல் ஓடுகிறது. ஆகஸ்ட் 15-லும் அப்படித்தான்: ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் அந்தத் தேதியைத் தேர்ந்ததாக மவுன்ட்பேட்டன் சொன்னார். கொரியாவும் விடுதலை நாள் கொண்டாடுவது அதே ஜப்பானியச் சரணடைவினால்தான், ஆக இரண்டுக்கும் வேர் ஒன்று. அரவிந்தர் 1872-லும் நெப்போலியன் 1769-லும் அதே தேதியில் பிறந்தது மட்டும் பனம்பழம்.

ஜெர்மனியின் நவம்பர் 9 இதைவிடச் சிக்கலானது. 1918-ல் பேரரசர் பதவி விலகியதாக அறிவிக்கப்பட்டு, குடியரசு பிரகடனமானது. 1923-ல் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி அன்று தோற்றது. 1938-ல் யூதர்களின் கடைகளும் வழிபாட்டுக் கூடங்களும் நொறுக்கப்பட்டு எரிக்கப்பட்டன. 1989-ல் பெர்லின் சுவர் திறந்தது. இதில் 1923-க்கும் 1938-க்கும் நேரடித் தொடர்பு உண்டு: தோற்றுப்போன அந்த முயற்சியின் ஆண்டு நினைவுக்காக நாஜித் தலைவர்கள் மியூனிக்கில் கூடியிருந்தபோதுதான் வன்முறைக்கு அங்கிருந்து உத்தரவு பறந்தது. 1989-க்கு அப்படி ஒரு திட்டமும் இல்லை, ஒரு செய்தியாளர் கூட்டத்தில் நடந்த குளறுபடியால் அந்த இரவு சுவர் திறந்துகொண்டது. ஆனால் பிறகு ஒன்றுபட்ட ஜெர்மனிக்கு தேசிய நாள் வேண்டும் என்றபோது, 1938-இன் நிழல் விழும் நவம்பர் 9 வேண்டாம் என்று அக்டோபர் 3-க்குப் போனார்கள். பழைய நிகழ்வு புதிய கொண்டாட்டத்தின் தேதியையே தள்ளிவிட்டது.

மனித உடம்பும் தேதி பார்க்குமா என்று யோசிக்க வைக்கும் ஒன்று அமெரிக்காவின் ஜூலை 4. விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1826 ஜூலை 4 அன்று, இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்சும் மூன்றாம் அதிபர் ஜெபர்சனும் சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். ஐந்தாம் அதிபர் மன்றோ 1831-ல் அதே தேதியில். முதல் ஐவரில் மூவர். ஜெபர்சன் கடைசி இரவில் "நான்காம் தேதி ஆகிவிட்டதா?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். அந்த நாளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்ற பிடிவாதம் சில மணி நேரம் உயிரைப் பிடித்து வைத்ததா என்பதற்கு மருத்துவம் தெளிவான பதில் தரவில்லை. நான் தற்செயல் பக்கமே சாய்வேன். இதில் வேடிக்கை, விடுதலைக்கான வாக்கெடுப்பு நடந்தது ஜூலை 2-ல். வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2-ஐத்தான் கொண்டாடும் என்று ஆடம்ஸ் தன் மனைவிக்குக் கடிதமே எழுதியிருந்தார். பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்டது நான்காம் தேதி, தாளில் அந்தத் தேதி இருந்ததால் அதுவே நின்றது.

டென்சிங் கதை இன்னும் நேரடியானது. தான் எந்தத் தேதியில் பிறந்தோம் என்பது அவருக்குத் தெரியாது. 1953 மே 29-ல் எவரெஸ்ட் உச்சியில் நின்ற பிறகு, அந்தத் தேதியையே பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். இப்போது மே 29 பட்டியலில் நிகழ்வுகளிலும் அவர், பிறப்புகளிலும் அவர்.

அதே மே 29-ல் இன்னொரு பெரிய நிகழ்வும் உண்டு, 1453-ல் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) துருக்கியரிடம் வீழ்ந்தது. எவரெஸ்டுக்குச் சரியாக 500 ஆண்டுகள் முன்பு. இங்கேதான் மூன்றாவது ரகம் வருகிறது, ஏனென்றால் இது சரியாக 500 ஆண்டுகள் இல்லை.

ஐரோப்பா 1582 வரை பயன்படுத்தியது ஜூலியன் நாட்காட்டி, நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் ஆண்டு என்ற ஒரே விதியோடு. அது சூரியனைவிட ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் பின்தங்கியது. 11 நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும், ஆனால் நூற்றாண்டுகள் கடந்ததும் அது பத்து நாளாக வளர்ந்துவிட்டது. போப் கிரிகோரி அந்தப் பத்து நாட்களை வெட்டி எறிந்தார்: 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இனி நூற்றாண்டு வருடங்கள் 400-ஆல் வகுபட்டால் மட்டுமே லீப் என்றும் விதி வந்தது. ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரியான அவிலாவின் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில், அதனால் ஒரே இரவுக்குள் பத்து நாள் தாண்டிய மரணம் அவருடையது.

எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் மாறியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஸ்பெயினும் இத்தாலியும் உடனே மாறின. போப் சொன்னதைக் கேட்பதா என்று பிரிட்டன் 1752 வரை இழுத்தடித்தது. ரஷ்யா 1918 வரை. அந்த இடைக்காலம் முழுவதும் ஐரோப்பாவில் ஒரே நாளுக்கு இரண்டு தேதிகள். ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்பது உலகப் புகழ்பெற்ற பொருத்தம், உலகப் புத்தக நாளுக்கு யுனெஸ்கோ அந்தத் தேதியைத் தேர்ந்ததற்கும் இது ஒரு காரணம். ஆனால் ஸ்பெயின் புதிய நாட்காட்டியில் இருந்தது, இங்கிலாந்து பழையதில். ஷேக்ஸ்பியர் உண்மையில் பத்து நாள் கழித்துத்தான் இறந்தார், அதாவது புதிய கணக்கில் மே 3. போதாக்குறைக்கு செர்வாண்டிஸ் இறந்தது 22-ஆம் தேதி, 23 அவர் அடக்கம் செய்யப்பட்ட நாள். ஒரு பொருத்தத்துக்குள் இரண்டு பிழைகள். இருந்தும் நாள் நன்றாகத்தான் கொண்டாடப்படுகிறது, எனக்கும் அதில் வருத்தமில்லை.

இதே மாதிரி, கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்றும் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். கலிலியோவின் 1642 ஜனவரி புதிய நாட்காட்டித் தேதி, நியூட்டனின் 1642 டிசம்பர் 25 பழையது. இரண்டையும் ஒரே நாட்காட்டிக்குக் கொண்டுவந்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4, பொருத்தம் காணாமல் போகிறது. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-ல் கொண்டாடுவதன் ரகசியமும் இதுதான். மே 29-க்குத் திரும்பினால், கான்ஸ்டான்டினோபிள் வீழ்ந்த நாள் இன்றைய கணக்கில் ஜூன் 7. வரலாற்றாசிரியர்கள் 1582-க்கு முந்தைய தேதிகளைப் பொதுவாக அப்படியே ஜூலியனில் விட்டுவிடுவார்கள், அதில் தவறில்லை. "சரியாக 500 ஆண்டு" என்று சேர்த்துப் பேசும்போதுதான் தவறு நுழைகிறது.

நாட்காட்டி ஒரு பக்கம், கடிகாரம் இன்னொரு பக்கம். பூமியில் எந்த நேரத்திலும் இரண்டு தேதிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு, இந்தியாவில் ஜூலை 21 காலை எட்டரை மணி வாக்கில். ஜெர்மனி சரணடைந்தது மேற்கு ஐரோப்பாவில் மே 8, அதே கணத்தில் மாஸ்கோவில் நள்ளிரவு தாண்டிவிட்டதால் ரஷ்யர்களுக்கு வெற்றி நாள் மே 9. இருப்பதிலேயே விசித்திரமானது 1941 டிசம்பர்: ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கத் தொடங்கியது, ஹவாயில் அமெரிக்கக் கடற்படை நின்ற பேர்ல் துறைமுகத்தின் மீதான தாக்குதலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு. ஆனால் பட்டியலில் பேர்ல் துறைமுகம் 7-ஆம் தேதி, கோத்தா பாரு 8-ஆம் தேதி. முதலில் நடந்ததற்குப் பிந்தைய தேதி! பசிபிக் கடல் நடுவே, தாண்டினால் தேதி மாறும் பன்னாட்டுத் தேதிக் கோடு செய்யும் வேலை.

பாரதியாரின் சிக்கலும் நள்ளிரவுதான். 1921 செப்டம்பர் 11 இரவு, மணி பன்னிரண்டைத் தாண்டிய பிறகு உயிர் பிரிந்தது. கடிகாரப்படி அது 12-ஆம் தேதி. ஆனால் விடிகிற வரை அந்த இரவை முந்தைய நாளோடு சேர்த்துப் பேசுவது நம் பேச்சு வழக்கு, அதனால் 11 என்று நின்றுவிட்டது. எதைத் தவறு என்பது? நாள் எங்கே தொடங்குகிறது என்பதே மனிதர்கள் பேசி முடிவு செய்த ஒன்று.

பட்டியலில் யார் இடம்பெறுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு மரணம் அன்றே செய்தி ஆகிறது, ஒரு நிகழ்வும் அப்படியே, ஆனால் பிறப்பு பட்டியலுக்குள் வர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். இன்று பிறந்த யாரையும் இன்றைய பட்டியலில் பார்க்க முடியாது, அரச குடும்பத்துக் குழந்தைகளைத் தவிர. மரணச் செய்தியிலும் நியாயம் கிடையாது: 1963 நவம்பர் 22 அன்று ஆல்டஸ் ஹக்ஸ்லி, சி. எஸ். லூயிஸ் என்ற இரண்டு பெரிய எழுத்தாளர்கள் இறந்தார்கள், ஆனால் அன்றைக்கு டல்லாஸில் கென்னடி சுடப்பட்டார், அவர்களுடைய செய்தி எங்கோ மூலைக்குப் போனது. அக்டோபர் 2-ஐ காந்தி எடுத்துக்கொண்டுவிட்டதால் அதே நாளில் பிறந்த லால் பகதூர் சாஸ்திரி பின்வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, அதே நாளில் 1975-ல் இறந்த காமராஜர் தமிழ்ப் பட்டியல்களில் மட்டும் முன்னால் வருகிறார்.

பிப்ரவரி 29 பெட்டி எப்போதும் காற்றாடும், 400 ஆண்டுகளில் 97 முறைதான் அது வரும். மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29-ல் பிறந்தார். 1900-க்கு லீப் கிடையாது என்பதால் அவருக்கு முதல் பிறந்தநாள் எட்டு வயதில், 1904-ல்தான் வந்தது. அன்றைக்குத்தான் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார். (தற்செயல்தான், தெரியும். இருந்தாலும் பிடித்திருக்கிறது.) ஸ்வீடன் ஒருபடி மேலே போய், நாட்காட்டி மாற்றத்தில் செய்த குழப்பத்தைச் சரிக்கட்ட 1712-ல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளையே வைத்தது. அன்று பிறந்தவர்களுக்கு மறுபடி பிறந்தநாளே வரவில்லை.

உங்கள் பிறந்தநாள் அக்டோபர் 5-லிருந்து 14-க்குள் விழுகிறது என்றால், 1582-ஆம் ஆண்டைத் தேடிப் பாருங்கள். லண்டனில் அந்த நாள் வழக்கம்போல விடிந்தது. ரோமில் அன்று யாரும் பிறக்கவில்லை, யாரும் இறக்கவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை.